பிங்க் ஃப்ளாய்ட்: முதலில் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவைக் கேட்டதே இல்லை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் யோசிக்காமல் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்பார்கள். மிச்சமிருக்கும் ஒருவர் ‘தி வால்’ என்பார். கையோடு அந்த ஆல்பத்தை வைத்து எடுத்த படத்தையும் பார்த்துவிடச் சொல்வார். இரண்டுமே சரியான ஆரம்பம் இல்லை என்பது என் கட்சி. முதலில் கேட்க வேண்டிய ஆல்பம் ‘விஷ் யூ வேர் ஹியர்’. முதலில் பார்க்க வேண்டிய படம், இத்தாலியில் பொம்பெயி என்ற பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே எடுத்த அந்தக் கச்சேரிப் படம். ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் 15 இருக்கின்றன. புதிதாக வருபவர் அத்தனையையும் சுமக்க வேண்டியதில்லை. போட்டி 1973லிருந்து 1979க்குள் வந்த நான்குக்குள்தான்: ‘டார்க் சைட்’, ‘விஷ் யூ வேர் ஹியர்’, ‘அனிமல்ஸ்’, ‘தி வால்’. 1967ல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டால் வேறு ஏதோ குழு என்று தோன்றும். அதற்குக் காரணம் சிட் பேரட். அப்போது பெரும்பாலான பாட்டை எழுதியது, பாடியது, கிட்டார் வாசித்தது, குழுவுக்குப் பெயர் வைத்தது எல்லாம் அவர்தான். சீக்கிரமே எல்.எஸ்.டி. போதைப் பழக்கமும் மனநிலைச் சிதைவும் சேர்ந்து அவரை மேடையில் நம்பி நிறுத்த முடியாத ஆளாக்கிவிட்டன. 1968ல் அவர் வெளியேறினார். அவருடைய இடத்துக்கு டேவிட் கில்மர் வந்தார். ரோஜர் வாட்டர்ஸ் பேஸ் கிட்டாரும் பெரும்பாலான வரிகளும், ரிச்சர்ட் ரைட் கீபோர்டு, நிக் மேசன் டிரம்ஸ். நாம் பேசப்போவது இந்த நால்வர் அணியைப் பற்றி. ஆனால் சிட் கதையை மறந்துவிடாதீர்கள், அது பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, ‘டார்க் சைட்’. இதைக் குறை சொல்லப் பெரிய தைரியம் வேண்டும். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம்தான். ஆனால் 1973க்கும் 1988க்கும் இடையில் மொத்தம் 741 வாரம் அந்தப் பட்டியலில் இடம் பிடித்திருந்தது. ஒலிப்பதிவு என்ற தொழிலுக்கே இது ஒரு பாடப்புத்தகம். ‘மனி’ பாட்டின் தொடக்கத்தில் காசு குலுங்கும், கல்லாப்பெட்டி திறக்கும், காகிதம் கிழியும். வாட்டர்ஸின் மனைவி மண்பாண்டம் செய்பவர். அவர் களிமண் பிசையும் கிண்ணத்தில் காசைப் போட்டுப் பதிவு செய்தார்கள். அப்புறம் ஒவ்வொரு சத்தம் இருக்கும் டேப்பையும் அளவுகோல் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டி ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். ஏழு சத்தம், ஏழு எண்ணிக்கை. பாட்டே அந்த ஏழில்தான் நடக்கிறது. ராக் இசையில் இது அபூர்வம். கர்நாடக இசையில் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒன்றும் பயமில்லை. கில்மரின் கிட்டார் தனியாகக் கிளம்பும்போது தாளம் நாலுக்கு மாறுவதைக் கவனியுங்கள். அதுவரை நொண்டிக்கொண்டிருந்த பாட்டு அங்கே ஓட ஆரம்பிக்கும்.

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஒரு பெண் குரல் கதறும், கெஞ்சும், அடங்கும். கிளேர் டோரி என்ற பாடகி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து 30 பவுண்டு வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போனது அது. அந்த மெட்டை அந்த இடத்திலேயே உருவாக்கியது அவர்தான் என்பதால் 2004ல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் சமரசமாகி, ரைட்டுடன் அவர் பெயரும் இசையமைப்பாளராகச் சேர்ந்தது. நியாயம்தான். அந்தப் பாட்டிலிருந்து அவர் குரலை எடுத்துவிட்டால் ஒரு நல்ல பியானோ பின்னணி மட்டுமே மிஞ்சும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இது ஏன் முதல் தேர்வு இல்லை என்கிறேன்? முதல் காரணம், இது முடிந்துபோன ஒன்று. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும் 43 நிமிடம். உள்ளே நேரம், பணம், சாவு, பைத்தியம் என்று மனிதனுக்கு வரக்கூடிய எல்லாக் கவலையும் வரிசையாக வரும். எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதினால் யாரையும் குறிப்பாகத் தொடாமல் போகும் அபாயம் உண்டு. சில வரிகளுக்கு அது நேர்ந்திருக்கிறது. கேட்டு முடித்ததும் “பிரமாதம்” என்று சொல்லி எழுந்துவிடலாம், அடுத்து எங்கே போவது என்று தோன்றாது. ‘ஆன் தி ரன்’ 1973ல் சின்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியின் அதிசயமாக இருந்திருக்கும். இன்று மூன்றரை நிமிடம் கொஞ்சம் நீளம். இன்னொன்று, முக்கோணக் கண்ணாடியில் ஒளி பிரியும் அந்த அட்டைப்படம் சட்டை, கோப்பை, சுவர் என்று எங்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆல்பத்தைக் கேட்காதவரும் கேட்டுவிட்டதாக நினைக்கும் அளவுக்குப் பழகிப்போன ஒன்றைப் புதிதாகக் கேட்பது கஷ்டம். (இதை ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ என்ற பழைய ஹாலிவுட் படத்தோடு சேர்த்து ஓடவிட்டால் காட்சியும் இசையும் பொருந்தும் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி எதையும் திட்டமிடவில்லை என்று குழுவினரே சொல்லிவிட்டார்கள். நேரத்தை வீணடிக்க வேண்டாம்.)

‘விஷ் யூ வேர் ஹியர்’ 1975 செப்டம்பரில் வந்தது. ஐந்தே பாட்டு, 44 நிமிடம். அதில் பாதிக்கும் மேல் ஒரே பாட்டு: ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’. ஒன்பது பகுதிகள், முதல் ஐந்தை ஆல்பத்தின் தொடக்கத்திலும் மற்ற நான்கைக் கடைசியிலும் வைத்திருக்கிறார்கள். இது முழுக்க சிட் பேரட்டை நினைத்து எழுதியது. திரைப்பாட்டிலேயே வளர்ந்த நம் காது பல்லவிக்காகக் காத்திருக்கும். இங்கே எட்டரை நிமிடம் தாண்டித்தான் முதல் குரல் வரும். பயந்துவிடாதீர்கள், அதற்குள் நிறைய நடக்கிறது. ஆரம்பத்தில் பின்னணியில் ஒலிக்கும் அந்த மெல்லிய ரீங்காரத்தில் ஒயின் கிளாஸின் விளிம்பை விரலால் தேய்த்து எடுத்த சத்தம் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் போடலாம் என்று கிளம்பிக் கைவிட்ட முயற்சியின் மிச்சம் அது. அதன் மேல் ரைட்டின் கீபோர்டு மெதுவாகப் பரவும். நாலாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் கில்மர் நான்கே நான்கு சுரங்களை வாசிப்பார். வாசித்துவிட்டு நிறுத்துவார். மறுபடி அதே நான்கு. பிறகுதான் டிரம்ஸ் உள்ளே வரும். அந்த நான்கு சுரத்தில் உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் பிங்க் ஃப்ளாய்ட் உங்களுக்கானது இல்லை என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு நாளில் தெளிவாகிவிடும், பெரிய லாபம்.

இந்த ஆல்பத்தைச் சுற்றி நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1975 ஜூன் 5ஆம் தேதி, லண்டனில் ஆபி ரோடு ஸ்டுடியோவில் இதன் வேலை நடந்துகொண்டிருந்தபோது, உடம்பு பெருத்து, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்ட ஒரு ஆள் உள்ளே வந்து நின்றிருக்கிறார். வேறு யாருடைய விருந்தாளியோ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். வந்திருப்பது சிட் என்று புரிந்துகொள்ள அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்களோ அவரையே அடையாளம் தெரியவில்லை. இப்படி ஒரு காட்சியைச் சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். அந்த நாளில் எடுத்த புகைப்படம் இருக்கிறது.

நடுவில் இருக்கும் இரண்டு பாட்டுகள், ‘வெல்கம் டு தி மெஷின்’, ‘ஹேவ் எ சிகார்’, இசைத்தட்டு வியாபாரத்தின் மேல் இருந்த எரிச்சல். ‘ஹேவ் எ சிகார்’ பாடியது குழுவில் யாருமே இல்லை. பக்கத்து ஸ்டுடியோவில் தன் ஆல்பத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த பாடகர் ராய் ஹார்ப்பர். பாட்டில் வரும் கம்பெனி அதிகாரி இவர்களைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, உங்களில் பிங்க் யார் என்று விசாரிப்பார். அது முடியும் இடத்தில் ஒலி சட்டென்று சுருங்கி ஒரு சின்ன ரேடியோவுக்குள் போய்விடும். யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார்கள். பேச்சு, ரஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் நாலாவது சிம்ஃபனியில் ஒரு துணுக்கு, அப்புறம் தகரத்தனமான ஒரு கிட்டார். கில்மரின் கார் ரேடியோவில் பதிவு செய்த பகுதி இது. அந்தக் கிட்டார் தொடர்ந்து ஓட, இந்தப் பக்கம் ஒருவர் இருமிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, தன் கிட்டாரை எடுத்து ரேடியோவோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குவார். ஹெட்ஃபோனில் கேளுங்கள்: ரேடியோ தூரத்தில் இருக்கும், இந்த ஆள் நம் அறையில் இருப்பார். தலைப்புப் பாட்டு அங்கேதான் ஆரம்பம். இல்லாத ஒருவரோடு சேர்ந்து வாசிப்பது எப்படி இருக்கும் என்பதை வரியில் சொல்வதற்கு முன்பே ஒலியில் சொல்லிவிடுகிறார்கள். ‘டார்க் சைட்’டில் இதைவிடப் பெரிய வித்தைகள் உண்டு, இதைவிட நெருக்கமான ஓர் இடம் கிடையாது.

குறையே இல்லையா? உண்டு. ‘வெல்கம் டு தி மெஷின்’ முதல் தடவை கொஞ்சம் இழுவையாகத் தெரியலாம். கடைசிப் பாதியில் ‘ஷைன் ஆன்’ ஒரு கட்டத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு தேவைக்கு மேல் சுற்றும். இருந்தாலும் முதல் ஆல்பமாக இதைச் சொல்வதற்குக் காரணம், இங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். சிட் யார் என்று தெரிந்துகொள்ளப் பின்னால் போனால் 1967 இருக்கிறது. கம்பெனி மேல் வந்த கோபத்தைப் பின்தொடர்ந்து முன்னால் போனால் ‘அனிமல்ஸ்’, அதையும் தாண்டினால் ‘தி வால்’. அதன் பிறகு ‘டார்க் சைட்’டைக் கேட்டால் அதில் வரும் பைத்தியம் பற்றிய பாட்டுகூட பொதுவான பேச்சாகத் தெரியாது, ஒரு முகம் தெரியும்.

‘அனிமல்ஸ்’ (1977) என் சொந்த விருப்பம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லையென்றால் நிறுத்தமாட்டேன். ஆர்வெல்லின் ‘அனிமல் ஃபார்ம்’ நாவலைத் தொட்டுக்கொண்டு, மனிதர்களை நாய், பன்றி, ஆடு என்று மூன்றாகப் பிரித்துத் திட்டும் ஆல்பம். ‘டாக்ஸ்’ மட்டுமே 17 நிமிடம். கில்மர் வாசித்ததில் எனக்கு முதலிடம் அதற்குத்தான். ஆனால் இதில் ஆறுதல் கிடையாது. முதலும் கடைசியும் வரும் இரண்டு சின்னக் காதல் பாட்டைத் தவிர முழுக்கக் கசப்பு. ரைட் ஒரு பாட்டுகூட எழுதாத முதல் ஆல்பம் இதுதான். அந்த மென்மை இல்லாதது தெரிகிறது. அட்டைப்படத்துக்காக லண்டனின் பாட்டர்சி மின்நிலையத்துக்கு மேலே கட்டிப் பறக்கவிட்ட ராட்சதப் பன்றி பலூன் 1976 டிசம்பரில் அறுத்துக்கொண்டு ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வரும் விமானப் பாதைக்குள் போய், கடைசியில் கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் இறங்கியது. படம் எடுத்த முதல் நாள், தேவைப்பட்டால் சுட்டு வீழ்த்த ஒரு ஆளை வைத்திருந்தார்கள். பன்றி பறந்துபோன அன்று அவரைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். கேட்பதாக இருந்தால் 2022ல் வந்த புதிய மிக்ஸைக் கேளுங்கள். பழையதில் மந்தமாக இருந்த டிரம்ஸ் இதில் துலக்கமாக இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே பங்க், மெட்டல் போன்ற முரட்டு ராக் பக்கம் பழக்கம் இருந்தால் நான் சொன்ன வரிசையை மீறி நேராக இதற்கே வரலாம்.

இப்போது ‘தி வால்’. 1979 நவம்பர் 30ல் வந்த இரட்டை ஆல்பம், 26 பாட்டு, 80 நிமிடத்துக்கு மேல். போரில் அப்பாவை இழந்து, அம்மாவிடமும் பள்ளிக்கூடத்திலும் அடிபட்டு வளர்ந்து, பெரிய ராக் பாடகனாகி, தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளும் பிங்க் என்பவனின் கதை. வாட்டர்ஸின் அப்பா 1944ல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் இறந்தவர். அந்த வலி நிஜம். ‘அனதர் பிரிக் இன் தி வால்’ இரண்டாம் பகுதியைத் தெரியாதவர்கள் குறைவு. அதில் பாடும் பிள்ளைகள் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள். தென்னாப்பிரிக்காவில் 1980ல் கல்வி முறையை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் அதைப் பாட, நிறவெறி அரசு பாட்டையே தடை செய்தது.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. இரண்டு இசைத்தட்டின் நான்கு பக்கங்களில் முதல் இரண்டு நன்றாக ஓடும். மூன்றாவதில் ‘ஹே யூ’வும் ‘கம்ஃபர்டப்லி நம்’மும் இருக்கின்றன, பிந்தையதில் கில்மர் தனியாக வாசிக்கும் இரண்டாவது கிட்டார் பகுதிக்காகவே முழு விலையும் கொடுக்கலாம். நாலாவது பக்கம் ‘ரன் லைக் ஹெல்’லைத் தவிர நாடக வசனம். ஒரு மனிதர் தன்னைப் பற்றி 80 நிமிடம் பேசினால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், நடுவில் யாராவது குறுக்கிட மாட்டார்களா என்று இருக்கும். ரைட்டை அந்த ஆல்பம் நடக்கும்போதே குழுவிலிருந்து வெளியே தள்ளினார்கள். பின்னர் நடந்த கச்சேரிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். செலவு கையைக் கடித்த அந்தக் கச்சேரிகளில் காசு பார்த்தது அவர் ஒருவர்தான்.

படம் 1982ல் வந்தது. இயக்கம் ஆலன் பார்க்கர், பிங்க்காக நடித்தது பாடகர் பாப் கெல்டாஃப், அனிமேஷன் ஜெரால்ட் ஸ்கார்ஃப். 95 நிமிடம், வசனம் கிட்டத்தட்ட இல்லை. ஆல்பத்தின் தொய்வை இது ஓரளவு சரிசெய்கிறது. ‘ஹே யூ’வை வெட்டியது மட்டும் மன்னிக்க முடியாதது. ஸ்கார்ஃபின் கை பட்ட இடமெல்லாம் பிரமாதம்: அணிவகுத்து நடக்கும் சுத்தியல்கள், ஒன்றையொன்று விழுங்கும் இரண்டு பூக்கள். நிஜ மனிதர்கள் வரும் காட்சிகளில் முகமூடி போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போய் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் விழுவது யாருக்கும் மறக்காது. ஆனால் படத்துக்கு ஒரே உணர்ச்சிதான். முதல் நிமிடத்தில் இருக்கும் இறுக்கம் கடைசிவரை தளராது. குழுவை அறியாமல் இதைப் பார்ப்பவர் “சரியான அழுமூஞ்சிக் கூட்டம்” என்று முடிவுகட்டி வெளியே வருவார், நான் தப்புச் சொல்லமாட்டேன். அதே ஆள் ‘விஷ் யூ வேர் ஹியர்’ கேட்டுவிட்டு வந்தால், பிங்க் கண்ணாடி முன் நின்று புருவத்தை மழிக்கும் காட்சியில் 1975 ஜூன் 5 ஞாபகத்துக்கு வரும். காட்சியின் கனமே மாறிவிடும். அதனால்தான் இந்தப் படம் கடைசியில்.

பொம்பெயி படத்தில் கதை, பாத்திரம் எதுவும் கிடையாது. ஏட்ரியன் மேபன் என்ற இயக்குநர் 1971 அக்டோபரில் பொம்பெயியின் பழைய ரோமானிய அரங்கத்தில், பார்வையாளர்களே இல்லாமல், குழுவை வாசிக்கவைத்து எடுத்தார். வாயசைப்பு வேண்டாம், நேரடியாக வாசிப்போம் என்று குழு சொல்லிவிட்டதால் கச்சேரிச் சாமான் அத்தனையும் இங்கிலாந்திலிருந்து லாரியில் வந்தது. மின்சாரத்துக்கு ஊருக்குள்ளிருந்து அரங்கம் வரை கேபிள் இழுத்தார்கள். வெயிலில் சட்டையில்லாமல் வாசிக்கும் கில்மர், காங் என்ற ராட்சத உலோகத் தட்டை ஓங்கி அடிக்கும் வாட்டர்ஸ், ‘எக்கோஸ்’ பாட்டு தொடங்கும்போது அரங்கத்தை நோக்கி மெல்ல நெருங்கும் கேமரா. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கவனித்து வாசிக்கிறார்கள். பின்னாளில் வழக்கறிஞர்கள் வழியாகப் பேசிக்கொண்டவர்கள் இவர்கள்தானா என்று இருக்கும். ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாட்டில் கேமரா பெரும்பாலும் மேசன் மேலேயே நிற்கும், ஏனென்றால் மற்றவர்களை எடுத்த ஃபிலிம் சுருள்கள் தொலைந்துவிட்டன. நடுவில் அவர் கையிலிருந்து ஒரு குச்சி பறந்துபோகும். தாளம் தப்பாமல் இன்னொன்றை உருவி எடுத்துக்கொண்டு அடிப்பார். அந்த ஒரு இடத்துக்காகத் தொலைந்த சுருள்களுக்கு நன்றி சொல்லலாம்.

எல்லாமே பொம்பெயியில் எடுத்தது இல்லை, பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்து ஒட்டிய பகுதிகள் உண்டு; கூர்ந்து பார்த்தால் தெரியும். நாய் ஊளையிடும் பாட்டைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 1972ல் வந்த முதல் பதிப்பில் கச்சேரி மட்டும்தான். 1974ல் வந்த பதிப்பில் ஆபி ரோடு காட்சிகளைச் சேர்த்தார்கள்: வாட்டர்ஸ் சின்தசைசரில் ‘ஆன் தி ரன்’ சத்தத்தைத் திருகிக்கொண்டிருப்பார், ரைட் பியானோவில் இருப்பார், சாப்பாட்டு அறையில் மேசன் ஓரம் இல்லாத ஆப்பிள் பை வேண்டும் என்று அடம்பிடிப்பார். ‘டார்க் சைட்’ ஆல்பத்துக்கு உங்களை அழைத்துப்போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பின்னாளில் டிவிடிக்காக இயக்குநரே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் கிரகங்களையெல்லாம் செருகி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். அதைத் தொடவே வேண்டாம். 2025ல் அசல் நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் சீர்செய்து, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் ஒலியைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டது கிடைத்தால் அதைப் பாருங்கள். ஃபோனில் மட்டும் வேண்டாம். டிவியோடு ஒரு நல்ல ஸ்பீக்கரை இணைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.